கோஸுக்குக் கடுகு காவல்

வீட்டுத் தோட்டத்தில் முட்டைக்கோஸ் வைத்தவர்களுக்கு அந்தச் சோகம் தெரியும். உருண்டை பிடிக்கும் நேரத்தில் இலை சல்லடையாகிவிடும். வைர முதுகு அந்துப்பூச்சியின் புழு செய்யும் வேலை. பூச்சிமருந்துகளுக்குச் சீக்கிரமே பழகிக்கொள்ளும் கில்லாடி இது. சமைக்கப்போகும் இலையில் எத்தனை முறைதான் விஷம் தெளிப்பது?

பெங்களூரு ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் சொன்ன பதில் அஞ்சறைப் பெட்டியிலேயே இருக்கிறது: கடுகு. கோஸைவிடக் கடுகுச் செடியில் முட்டையிடத்தான் இந்தப் பூச்சிக்கு ஆசை. வயலில் 25 வரிசை கோஸுக்கு இரண்டு வரிசை கடுகு. கோஸ் நாற்று நடுவதற்கு 15 நாள் முன்பு ஒன்று, நட்ட 25-ம் நாள் மற்றொன்று. முதல் வரிசை முற்றும்போது அடுத்தது காவலுக்குத் தயார்.

தக்காளிக்கு இதே காவலைச் செய்வது செண்டுமல்லி: 16 வரிசைக்கு ஒரு வரிசை. இரண்டும் ஒரே சமயத்தில் பூத்தால்தான் காய்ப்புழுவின் தாய்ப்பூச்சி ஏமாறும்.

நாலு பாத்தி உள்ள வீட்டில் ஓரமாகக் கொஞ்சம் கடுகு தூவினால் போதும். ஆனால் தூவியதோடு வேலை முடிவதில்லை. கடுகில் சேரும் புழுக்களைப் பொறுக்கி அழிக்க வேண்டும். அல்லது அதன் மேல் மட்டும் வேப்பங்கொட்டைச் சாறு தெளிக்க வேண்டும். மறந்தால், காவல்காரன் வீடே திருடனுக்குச் சத்திரம்.