சி டிரைவ் ஃபுல்லா? குப்பையைத் தானாக அழிக்கும் ‘ஸ்டோரேஜ் சென்ஸ்’: ஆன் செய்யும் முன் கவனிக்க வேண்டியவை

ஜூனில் சாரல் தொடங்கினால் போதும், குற்றாலம் ஐந்தருவிப் பக்கம் சீசன் கடைகள் முளைத்துவிடும். மங்குஸ்தான், ரம்புட்டான், சுடச்சுட நேந்திரம் சிப்ஸ், துண்டு, எண்ணெய் என்று எல்லாம் கிடைக்கும். சீசன் முடிந்ததும் கடையைப் பிரித்து இடத்தைக் காலி செய்ய வேண்டும். அப்படியே போட்டுவிட்டுப் போனால், அடுத்த சீசனுக்கு வண்டி நிறுத்தக்கூட இடமிருக்காது.

உங்கள் லேப்டாப்பின் சி டிரைவ் சிவப்புக் கோட்டைத் தொடுவதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். வேலைக்காகத் தற்காலிகமாக உருவான ஃபைல்கள், வேலை முடிந்த பிறகும் இடத்தைக் காலி செய்யாமல் உட்கார்ந்திருக்கின்றன.

தென்காசி பக்கத்து மத்தளம்பாறைக்கு 2011-லேயே ஸோஹோ நிறுவனம் வந்துவிட்டது. கொரோனாவுக்குப் பிறகு சொந்த ஊரிலிருந்தே வேலை பார்ப்பதும் சகஜமாகிவிட்டது. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருக்குப் பக்கத்து சீட்டில் ஐடி சப்போர்ட் ஆள் கிடையாது. மெஷினை நாமேதான் பராமரிக்க வேண்டும்.

தற்காலிக ஃபைல் என்றால் என்ன?

ஒரு சாஃப்ட்வேரை இன்ஸ்டால் செய்தால், அது முதலில் தன் மூட்டையை டெம்ப் ஃபோல்டரில்தான் பிரிக்கும். பிரௌசர், பார்த்த படங்களை மறுபடி டவுன்லோட் செய்யாமலிருக்க ‘கேஷ்’ என்ற பெயரில் சேமித்து வைக்கும். விண்டோஸ் அப்டேட் வந்தால், பழைய பதிப்பு அப்படியே ‘விண்டோஸ் டாட் ஓல்ட்’ என்ற ஃபோல்டரில் நிற்கும். புதியது பிடிக்காவிட்டால் பழையதற்குத் திரும்ப 10 நாள் அவகாசம் உண்டு. அதன் பிறகு விண்டோஸே அதை அழித்துவிடும்.

முறைப்படி பார்த்தால், உருவாக்கிய சாஃப்ட்வேரே வேலை முடிந்ததும் தன் ஃபைலை அழிக்க வேண்டும். ஆனால் அது பாதியில் கிராஷ் ஆனாலோ, கரண்ட் போய் மெஷின் அணைந்தாலோ ஃபைல் அநாதையாகிவிடும். சில சாஃப்ட்வேர்கள் இயல்பாகவே சோம்பேறிகள், அழிப்பதே இல்லை. டிரைவ் நிரம்பினால் அப்டேட் இறங்காது, ஃபைல் சேவ் ஆகாது. ரேம் போதாதபோது விண்டோஸ் டிரைவில்தான் கொஞ்சம் இடம் எடுத்துக்கொள்ளும். அந்த இடமும் இல்லையென்றால் மெஷினே திணறும்.

விண்டோஸில் தானாக அழிப்பது எப்படி?

2017 முதல் விண்டோஸ் 10-லும், இப்போது 11-லும் இருக்கும் வசதி ‘ஸ்டோரேஜ் சென்ஸ்’. செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ் என்று போனால் இருக்கும். உள்ளே முக்கியமாகக் கவனிக்க வேண்டியவை நான்கு:

* தற்காலிக ஃபைல்கள்: இதைத் தாராளமாக டிக் செய்யலாம். பயன்பாட்டில் இல்லாதவை மட்டுமே போகும்.
* எப்போது ஓட வேண்டும்: தினமும், வாரம் ஒருமுறை, மாதம் ஒருமுறை, அல்லது இடம் குறையும்போது. மாதம் ஒருமுறை பெரும்பாலானோருக்குப் போதும்.
* ரீசைக்கிள் பின்: 30 நாள் சரியாக இருக்கும். தப்பாக டெலிட் செய்ததை மீட்க ஒரு மாதம் கிடைக்கும்.
* டவுன்லோட்ஸ் ஃபோல்டர்: இங்கேதான் ஆபத்து. ‘நெவர்’ என்றே விட்டுவிடுங்கள்.

ஏன்? இத்தனை நாளாகத் திறக்காத ஃபைலை அழி என்பதுதான் அதன் விதி. ஆஃபர் லெட்டரையும் ஃபார்ம் 16-ஐயும் யாரும் தினமும் திறந்து பார்ப்பதில்லை. ரொம்ப நாளாகத் திறக்கவில்லை என்பதால் ஒரு ஃபைல் குப்பையாகிவிடாது. ஆனால் கம்ப்யூட்டருக்கு அந்த வித்தியாசம் தெரியாது. ஃபைல் எந்த ஃபோல்டரில் இருக்கிறது, எத்தனை நாள் ஆயிற்று என்ற இரண்டை மட்டும்தான் அது பார்க்கும்.

விதி தப்பினால் என்ன ஆகும்?

இது பெரிய நிறுவனங்களுக்கே நடந்திருக்கிறது. 2018 அக்டோபர் 2-ல் வெளியான விண்டோஸ் 10 அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் சில நாட்களிலேயே நிறுத்தி வைத்தது. ஃபைல்களை வேறு இடத்துக்கு மாற்றி வைத்திருந்த சிலருக்கு, பழைய இடத்தில் ஒரே பெயரில் காலி ஃபோல்டர்கள் நிற்கின்றன என்று முன்பே புகார் வந்திருந்தது. அவற்றை அகற்றப் புது அப்டேட்டில் ஒரு வேலை சேர்த்தார்கள். சிலர் கம்ப்யூட்டரில் அந்தப் பழைய ஃபோல்டர்கள் காலியாக இல்லை. உள்ளே இருந்த டாக்குமெண்ட்டுகளும் படங்களும் சேர்ந்தே போய்விட்டன.

இதைவிடப் பெரிய இழப்பு ஜப்பானில். 2021 டிசம்பரில் கியோட்டோ பல்கலைக்கழக சூப்பர் கம்ப்யூட்டரில் சுமார் 77 டெராபைட் ஆராய்ச்சித் தரவு அழிந்தது. சுமார் 3.4 கோடி ஃபைல்கள். பேக்கப் ஸ்கிரிப்டில், 10 நாளுக்கு மேல் பழைய லாக் ஃபைல்களை அழிக்கும் ஒரு பகுதி இருந்தது. அந்த ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் புதிய பதிப்பை மேலே எழுதிவிட்டார்கள். பாதியில் புதியதைப் படிக்கத் தொடங்கிய கம்ப்யூட்டருக்கு எந்த ஃபோல்டரில் அழிக்க வேண்டும் என்ற விவரம் காலியாகக் கிடைத்தது. லாக்கை விட்டுவிட்டு ஆராய்ச்சி ஃபைல்களை அழித்தது. 14 ஆய்வுக் குழுக்கள் பாதிக்கப்பட்டன. அதில் 4 குழுக்களின் தரவை மீட்கவே முடியவில்லை.

டெவலப்பர்கள் இதில் ஒரு பாடம் எடுத்துக்கொள்ளலாம். நீங்களே கிளீனப் ஸ்கிரிப்ட் எழுதினால், ஃபோல்டர் பெயர் காலியாக இருந்தால் உடனே நின்றுவிடும்படி எழுதுங்கள். முதல் சில முறை அழிக்காமல், எதை அழிக்கப் போகிறது என்ற பட்டியலை மட்டும் காட்டச் சொல்லுங்கள்.

கையால் அழிக்கலாமா?

அழிக்கலாம். விண்டோஸ் கீயோடு ஆர் கீயை அழுத்தி, வரும் பெட்டியில் டெம்ப் என்ற நான்கு ஆங்கில எழுத்தை இரண்டு சதவீதக் குறிகளுக்கு நடுவில் டைப் செய்தால் அந்த ஃபோல்டர் திறக்கும். உள்ளே இருப்பதை டெலிட் செய்யலாம். பயன்பாட்டில் இருப்பதாகச் சொல்லும் ஃபைல்களை ஸ்கிப் செய்துவிடுங்கள். ஏதாவது இன்ஸ்டால் ஆகிக்கொண்டிருக்கும்போது மட்டும் கை வைக்காதீர்கள்.

மேக் பயன்படுத்துபவர்கள் ஃபைண்டர் செட்டிங்ஸில், ட்ராஷில் 30 நாள் கிடந்ததை நீக்கும் வசதியை ஆன் செய்யலாம். லினக்ஸில் பல பதிப்புகள் டெம்ப் ஃபோல்டரில் 10 நாள் தொடாமல் கிடப்பதைத் தாமாகவே அழிக்கும். சிலவற்றில் ரீஸ்டார்ட் செய்தாலே காலி. அங்கே புராஜெக்ட் ஃபைலை வைத்துவிட்டுத் தேடுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

மொபைலில்?

ஆண்ட்ராய்டில் ஆப் செட்டிங்ஸுக்குள் ‘கிளியர் கேஷ்’, ‘கிளியர் டேட்டா’ என்று இரண்டு பட்டன்கள் பக்கத்து பக்கத்தில் இருக்கும். முதலாவது பாதுகாப்பானது, ஆப் தேவையானதை மறுபடி இறக்கிக்கொள்ளும். இரண்டாவது அப்படியில்லை. வாட்ஸ்அப்பில் அதை அழுத்தினால், பேக்கப் இல்லாத சாட் எல்லாம் போய்விடும். அவசரத்தில் விரல் மாறிவிடக் கூடாது.

இன்றைக்கே செய்ய வேண்டியது

ஸ்டோரேஜ் சென்ஸை ஆன் செய்வதற்கு முன் 10 நிமிடம் ஒதுக்கி டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறங்கள். சர்டிஃபிகேட், சம்பள ஸ்லிப், டிக்கெட், ஸ்கேன் செய்த ஆதார் என்று எது கண்ணில் பட்டாலும் வேறு ஃபோல்டருக்கு மாற்றி, ஒரு காப்பியைக் கிளவுடிலோ பென் டிரைவிலோ வைத்துவிடுங்கள். ரீசைக்கிள் பின்னையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், ‘அப்புறம் எடுத்துக்கலாம்’ என்று அங்கேயே வைத்திருப்பவர்களும் உண்டு. அதன் பிறகு ஆன் செய்தால், சி டிரைவ் சிவப்பானதா என்று தினமும் எட்டிப் பார்க்கும் வேலை பெரும்பாலும் மிச்சம்.