இல்லவூர்தியும் இரண்டாம் மின்கலவடுக்கும்

மன்னார்த் தீவு பெருநிலத்தோடு ஒரே தெருவழியால் இணைந்தது. மதவாச்சியினின்று வரும் ஏ-14 வீதியும், பூநகரியூடாக வரும் ஏ-32 வீதியும் பெருநிலத்தில் ஒன்றுகூட, தாம்போதியும் 2010 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட புதிய பாலமும் வருவோரைத் தீவினுள் கொண்டு சேர்க்கின்றன. 2011 ஆம் ஆண்டில் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டபின் யாழ்ப்பாணத்தார்க்கும் இவ்வழி அணித்தாயிற்று. சிவராத்திரிக்குத் திருக்கேதீச்சரத்தை நாடும் அடியவரும், மடுமாதாவின் ஆவணித் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு வந்து பன்னாள் தங்குவோரும், மாரிகாலத்தில் பூநாரைகளைக் காண வங்காலைச் சரணாலயத்துக்கு வைகறையிற் செல்ல விரும்புவோரும் வண்டியிலேயே இரவைக் கழிப்பதுண்டு. அதற்கெனவே படுக்கை, அடுப்பு, சிறு குளிர்ப்பெட்டி முதலியவற்றை வானினுள் அமைத்துக்கொள்ளும் வழக்கமும் பரவி வருகின்றது. வீடும் வண்டியும் ஒன்றாய் நின்ற அத்தகைய வானை இல்லவூர்தி எனலாம்.

இதில் புதுமை பெரிதில்லை. நம் முன்னோர் கூடார மாட்டுவண்டிலிற் பானை, அரிசி, பாய், அரிக்கன் இலாம்பு ஆகியவற்றோடு யாத்திரை போயினர். இரவு முழுவதும் இலாம்பு எரிந்து மண்ணெண்ணெய் தீர்ந்து போயினும், விடிந்ததும் எருதுகள் வண்டிலை இழுக்கத் தவறியதில்லை. விளக்குக்கு வேண்டியது போத்தலிலும் எருதுக்கு வேண்டியது வைக்கோற் பொதியிலும் வேறு வேறாக இருந்தமையே காரணம். மோட்டார் வண்டியிலோ இவ்விரண்டும் ஒரே பெட்டிக்குள் அடைபட்டன. விளக்கு எரிவதும், விசிறி சுழல்வதும், வானொலி பாடுவதும், காலையில் இயந்திரம் உயிர்பெறுவதும் வழக்கிற் பற்றறி எனப்படும் அந்த ஒரு மின்கலவடுக்கினாலேயே ஆகின்றன. நான்கு சாமமும் விழித்திருந்து பாலாவியில் நீராடி வந்தவர், விடியலிற் சாவியைத் திருப்பியபோது "டிக்" என்னும் ஓர் ஒலியன்றி வேறெதுவும் எழாமை கண்டு திகைப்பதற்கு மூலம் இதுவே.

முற்காலத்து மோட்டார்களில் இவ்விடர் இருந்ததில்லை. முன்புறத்திற் கைப்பிடியைச் செருகிச் சுழற்றி அவற்றை இயக்கினர். 1912 ஆம் ஆண்டிற்குரிய கடிலாக் மோட்டார்களில் சாள்சு கெற்றறிங்கு என்பார் ஆக்கிய மின்தொடக்கி பொருத்தப்பட்டது. அதன்பின் கைப்பிடி மெல்ல மறைந்தது. மின்கலவடுக்கு இன்றி வண்டி இல்லை என்னும் நிலை வந்தது. அடுக்கின் கருத்தோ அதனினும் பழையது. 1859 இல் பிரான்சு நாட்டுப் பிளாந்தே என்பார் ஈயத் தகடுகளை ஐதான சல்பூரிக்கமிலத்தில் அமிழ்த்தி, மீட்டும் மீட்டும் மின்னேற்றத்தக்க கலத்தை முதன்முதல் அமைத்தார். இன்றைய வண்டியிலுள்ளதும் இயல்பால் அதுவே. ஏறத்தாழ 2 உவோற்று அழுத்தமுடைய ஆறு கலங்கள் தொடராக நிற்றலின் 12 உவோற்று கிடைக்கின்றது.

தொடக்கி எவ்வளவு மின்னை உண்கின்றது என்பதைக் கணித்துப் பார்த்தல் நன்று. விடை பலர் எண்ணுவதற்கு மாறானது. தீசல் வான் ஒன்றின் தொடக்கி 250 அம்பியர் மின்னோட்டத்தை மூன்று செக்கன் இழுப்பதாகக் கொள்க. அது 750 அம்பியர்ச் செக்கன்; 3600 ஆற் பிரிக்க, ஓர் அம்பியர்மணியின் ஐந்திலொரு பங்கேயாகும். மறுபுறம் இரவுச் செலவை நோக்குக. 4 அம்பியர் இழுக்குங் குளிர்ப்பெட்டி பன்னிரண்டு மணியிற் பாதி நேரம் இயங்க 24 அம்பியர்மணி, ஒன்றரை அம்பியர் விசிறி எட்டு மணிக்கு 12, ஓர் அம்பியர் விளக்குகள் ஐந்து மணிக்கு 5, கைத்தொலைபேசிகளுக்கு 4. ஆகமொத்தம் 45 அம்பியர்மணி. இயந்திரத்தை எழுப்புஞ் செலவினும் உறங்குஞ் செலவு இருநூறு மடங்குக்கு மேற்பட்டது!

அங்ஙனமாயின், 65 அம்பியர்மணி அடுக்கில் 45 போக எஞ்சிய 20 அம்பியர்மணி, ஐந்திலொரு அம்பியர்மணியைத் தரமாட்டாதா என வினவலாம். இங்கு வேண்டப்படுவது அளவன்று, வேகம். அடுக்கின் உள்ளேயும் ஒரு சிறு தடை உண்டு. நிறைந்த அடுக்கில் அது 0.008 ஓம் எனக் கொண்டால், 250 அம்பியர் ஓடும்போது உள்ளேயே இழக்கப்படும் அழுத்தம் 2 உவோற்று. தொடக்கிக்கு ஏறத்தாழப் பத்தரை உவோற்று கிடைக்கும். மின்னிறங்க இறங்க அமிலம் நீர்த்து, தகடுகளின்மேல் ஈயசல்பேற்றுப் படிந்து, தடை 0.02 ஓமாக உயர்ந்ததாயின் இழப்பு 5 உவோற்றாகும். எஞ்சிய 7 உவோற்றால் இயந்திரம் அசையாது. அதே அடுக்கில் விளக்கு மட்டும் பளிச்சென எரியும். "விளக்கு எரிகின்றதே, பற்றறி நன்றாகத்தான் இருக்கின்றது" என்று பிறவற்றைக் கழற்றிப் பார்த்துப் பொழுதை வீணாக்குவோர் பலர். கரையோர மணலிற் புதைந்து நிற்கும் வானைத் தள்ளி இயக்குதலும் அரிது. தானியங்கு பற்சக்கர வண்டியை அங்ஙனம் இயக்கல் இயலவே இயலாது.

தொடக்கத்துக்கென ஆக்கப்பட்ட அடுக்கில் மெல்லிய தகடுகள் பல நெருங்கி நிற்கும். மேற்பரப்பு மிகுதலால் பெருமின்னோட்டத்தை ஒரு நொடியிற் கொட்ட அது வல்லது. ஆனால் ஆழமாக இறக்கப்படுந்தோறும் தகட்டின் பசை உதிர்ந்து அடியில் வண்டலாகும். இறங்கிய நிலையிற் பல நாள் விடப்படின் சல்பேற்றுப் பளிங்குகள் இறுகிப் பின் கரையமாட்டா. நாளாந்த இறக்கத்துக்கென ஆகும் அடுக்கோ தடித்த தகடுகளைக் கொண்டது. ஓட்டப் பந்தயத்துக்கு ஆகாது, நெடுவழிக்கு ஆகும். ஈய அடுக்கெனின் அதனையும் பாதிக்குமேல் இறக்காமை நலம். 45 அம்பியர்மணி இரவுச் செலவுக்கு 100 அம்பியர்மணி அடுக்கு வேண்டப்படுவது அதனாலேயே. ஓய்வில் நிற்கும்போது 12.7 உவோற்றுக் காட்டுவது நிறைந்த அடுக்கு, 12.2 ஏறத்தாழப் பாதி.

இனி, இரண்டாவது அடுக்கொன்றை வாங்கி, நேரோடு நேரும் எதிரோடு எதிருமாக முதலாவதோடு நிலையாகப் பிணைத்துவிடுதல் எளிதன்றோ எனத் தோன்றும். பலர் அவ்வாறே செய்கின்றனர். அது பயனற்றது. நிலையாகப் பிணைந்த இரண்டு அடுக்குகள் மின்னியல் நோக்கில் ஒரே பெரிய அடுக்கு. இரண்டும் ஒருங்கே ஏறும், ஒருங்கே இறங்கும். ஓரிரவுக்குப் பதில் ஈரிரவு கழிந்தபின் அதே "டிக்" ஒலி கேட்கும். முதுமையடைந்த அடுக்கு புதியதையுந் தன் நிலைக்கு இழுத்துவிடும். இரண்டாம் அடுக்கின் பயன் அளவு மிகுதலில் இல்லை. பிரிந்து நிற்றலிலேயே உள்ளது. இயந்திரம் ஓடும்போது இரண்டும் இணைந்து மின்பிறப்பாக்கியிடமிருந்து உண்ணல் வேண்டும். இயந்திரம் நின்றதும் பிரிந்து, வீட்டுக்குரியது வீட்டையும் வண்டிக்குரியது வண்டியையும் காத்தல் வேண்டும்.

இவ்வாறு இணைத்துப் பிரிக்கும் வழிகள் சில. கையால் திருப்பும் பெரிய ஆளி மலிவானது. ஆயின் உறங்கப் போகுமுன் அதைத் திருப்ப மறவாதிருத்தல் வேண்டும். இரவு முழுதும் விழித்து வழிபட்டவரிடம் அந்நினைவை எதிர்பார்த்தல் அறிவுடைமையன்று. மின் ஒரு திசையில் மட்டுஞ் செல்ல விடும் இருவாயிகளைப் பொருத்துதல் மற்றொரு வழி. பழுதடையும் அசையுறுப்பு அதில் இல்லை. ஆனால் சிலிக்கன் இருவாயி ஏறத்தாழ 0.7 உவோற்றைத் தானே விழுங்குவதால் அடுக்குகள் நிறைவுறுவதில்லை. பெரிதும் வழங்குவது றிலே எனப்படும் மின்காந்த ஆளி. மின்பிறப்பாக்கி மின் தரத் தொடங்கியதும் முகப்பிலுள்ள மின்னேற்றச் சிவப்பு விளக்கு அணைகின்றதன்றோ? அவ்விளக்கோடு தொடர்புடைய கம்பியால் றிலேயை இயக்கின், இயந்திரம் உண்மையில் ஓடும்போது மட்டுமே இணைப்பு உண்டாகும். சாவி திரும்பியதும் இணையுமாறு அமைப்பது பெருந்தவறு. அங்ஙனமாயின் தொடக்கியின் பெருமின்னோட்டத்தில் ஒரு பங்கு இரண்டாம் அடுக்கிலிருந்து சிறு கம்பிகளூடு பாய்ந்து றிலேயின் தொடுகைகளைக் கருக்கிவிடும். முதலடுக்கின் அழுத்தத்தைத் தானே அறிந்து, ஏறத்தாழ 13.3 உவோற்றில் இணைத்து 12.8 இற் பிரிக்கும் றிலேகளும் உள. சிவப்பு விளக்கின் கம்பியைத் தேடத் தேவையில்லாமையின் இவற்றைப் பொருத்துதல் எளிது.

எரிபொருட் சிக்கனத்தின் பொருட்டு மின்பிறப்பாக்கியின் அழுத்தத்தைக் கணினி ஏற்றியும் இறக்கியும் வைக்கும் புதிய வண்டிகளில் மேற்கூறிய றிலே ஒழுங்காகத் தொழிற்படாது. அவற்றுக்கு, வரும் அழுத்தம் எதுவாயினும் வேண்டிய அழுத்தமாக மாற்றித் தரும் நேரோட்ட மின்னேற்றி தேவை. இலித்தியம் இரும்புப் பொசுபேற்று அடுக்கு பொருத்துவோர்க்கும் அதுவே தக்கது. அவ்வடுக்கு ஈயத்தின் பாதி நிறையும் இல்லாதது, ஐந்தில் நான்கு பங்கு வரை இறக்கத்தக்கது. விலையோ மிக அதிகம். அதன் உட்டடை மிகச் சிறிதாகையால் கட்டுப்பாடின்றி இணைப்பின் மின்பிறப்பாக்கியால் இயன்ற அனைத்தையும் உறிஞ்சி அதனைக் காய்ச்சிக் கெடுத்துவிடும்.

கம்பியின் தடிப்பைப் பலர் பொருட்படுத்துவதில்லை. முன்புறத்து அடுக்கிலிருந்து பின்புறத்து அடுக்குக்கு 5 மீற்றர் தூரமெனின் போக வர 10 மீற்றர். 4 சதுர மில்லிமீற்றர்ச் செப்புக் கம்பியில் இதன் தடை 0.043 ஓம்; 30 அம்பியர் ஓடின் 1.3 உவோற்று வீணாகும். மின்பிறப்பாக்கி 14.4 உவோற்றுத் தரினும் பின்னடுக்குக்குச் சேர்வது 13.1 மட்டுமே; பல மணி ஓடினும் அது நிறையாது. 25 சதுர மில்லிமீற்றர்க் கம்பியாயின் இழப்பு 0.2 உவோற்று. "பற்றறி புதிது, ஆனாலும் நிற்பதில்லை" என்னும் முறைப்பாடுகளிற் பல கம்பியின் குற்றத்தைப் பற்றறிமேற் சுமத்துவனவே.

கம்பியின் பிழை காசைத் தின்னும். உருகியின்மை உயிரைத் தின்னக்கூடும். ஈய அடுக்கின் இரு முனைகளும் தற்செயலாகத் தொடுமாயின் ஆயிரம் அம்பியரையுங் கடந்த மின்னோட்டம் பாயலாம். வானின் இரும்புடல் முழுவதும் எதிர்முனையாக இருத்தலின், தகட்டுத் துளையொன்றில் உரசி நேர்க்கம்பியின் உறை தேய்ந்த இடமே போதும். கம்பி செந்தணலாகி மெத்தையையும் திரையையும் பற்றும். இக்கம்பி இரு முனையிலும் மின்னூற்றை உடையது. ஆதலால் ஓர் உருகி போதாது. ஒவ்வோர் அடுக்கின் நேர்முனைக்கும் ஒரு சாணளவுக்குள் ஒவ்வோர் உருகி வேண்டும். கம்பி நுழையுந் துளைகளுக்கு இறப்பர் வளையம் இடுதல் வேண்டும். இவ்விரண்டையும் விட்டுக் கொடுத்த வேலை எதுவாயினும், உள்ளே பிள்ளைகளை உறங்கவைத்தற்கு ஏற்றதன்று.

உறங்கும் அறையினுள் அடுக்கை வைப்போர் வளியையும் நினைத்தல் வேண்டும். மின்னேற்றம் மிகும்போது ஈய அடுக்கில் நீர் பிரிந்து ஐதரசனும் ஒட்சிசனும் வெளிவரும். வளியில் 4 வீதம் ஐதரசன் கலந்தாலே பொறி பட்டு வெடிக்கும். மூடியிட்ட பெட்டியொன்றில் அடுக்கை வைத்து, பெட்டியின் மேற்புறத்திலிருந்து வண்டிக்கு வெளியே ஒரு குழாய் விடுதல் போதுமானது. மன்னாரின் வெயில் வேறொரு பகை. வெப்பநிலை 25 பாகையினின்று பத்துப் பாகை உயர, ஈய அடுக்கின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொதுவிதி. இயந்திரத்தின் அருகே இரண்டாம் அடுக்கையும் செருகிவைத்தல் இடத்தை மிச்சப்படுத்துமேயன்றி அடுக்கை மிச்சப்படுத்தாது. உப்புக்காற்றுப் பட்டுப் பச்சை பூக்கும் முனைகளைச் சுரண்டித் துப்புரவாக்கி வசலின் பூசுதல் மீனவர் படகுகளின் இயந்திரத்தைப் பேணுவோர் நன்கறிந்த கைம்மருந்து.

மின் எங்கிருந்து திரும்பி வரும் என்பதே எஞ்சிய வினா. மன்னார் நகரிலிருந்து தலைமன்னாருக்கு ஓடும் அரைமணி நேரத்தில், 25 அம்பியர் வீதம் ஏறினும் பன்னிரண்டு அம்பியர்மணியே சேரும். இரவுச் செலவின் காற்பங்குக்குச் சற்று மேல். ஈய அடுக்கு நிறைவை நெருங்க நெருங்க உண்ணும் வேகமும் குறையும். ஆகையால் ஒரே துறையில் இரண்டு மூன்று நாள் தங்குவோர்க்கு மின்பிறப்பாக்கி மட்டும் போதாது. கூரைமீது வைத்த 100 உவாற்றுச் சூரியத் தகடொன்று நல்ல வெயில் நாளில் ஏறத்தாழ 30 அம்பியர்மணி தரும். அதற்கு வேறான கட்டுப்படுத்தியும் வேண்டும். தீவின் தென்கரையில் 2020 இல் தொடக்கப்பட்ட தம்பபவனி நிலையத்தின் முப்பது காற்றாலைகள் 103.5 மெகாவாற்று வலுவுடையன. அவற்றின் நிழலிலே நிறுத்திய வானுக்கு அம்மின்னில் ஒரு துளியும் நேரே வாராது என்பது வேடிக்கையே.

1990 இன் பின் வடபகுதி மின்வழங்கலை இழந்து, உலர்மின்கலங்களும் தடைசெய்யப்பட்ட பொருள்களாயிருந்த ஆண்டுகளில், துவிச்சக்கரவண்டியின் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட தலைமுறை இன்னும் உள்ளது. செலவையும் வரவையும் எண்ணாமல் மின்னைத் தொடக்கூடாது என்பதை அவர்களுக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை.

பொருத்தி முடிந்ததும் உவோற்றுமானி ஒன்றால் மூன்று முறை பார்த்தல் வேண்டும். இயந்திரம் நிற்கையில் இரண்டு அடுக்குகளின் அழுத்தமும் வேறுபட்டிருத்தல் வேண்டும். ஒத்திருப்பின் விளக்கொன்றை ஏற்றிச் சிறிது பொறுத்துப் பார்க்க, வீட்டடுக்கு மட்டும் இறங்கவேண்டும். இயந்திரம் ஓடுகையில் இரண்டும் 14 உவோற்றையொட்டி ஏறவேண்டும். இயந்திரத்தை நிறுத்திச் சில நிமிடம் கழித்து மறுபடியும் விளக்கை ஏற்றி அளக்க, வண்டியடுக்கு அசையாது நிற்றல் வேண்டும். இம்மூன்றாவது அளவையை வீட்டு வாசலிலே செய்து முடித்தபின்னரே பாலத்தைக் கடக்கலாம்.