அறுபது நிமிட அன்பளிப்பு

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

ஒருவருக்கு அன்பளிப்புத் தர வேண்டுமானால் உடனே கடைக்கு ஓடுகிறோம். ஆனால் காசு கொடுத்து வாங்க முடியாத அன்பளிப்பு ஒன்று உண்டு. அதுதான் நம் நேரம். நமக்குப் பிடித்த இசைக்குழுவின் பாடல்களைத் தேர்ந்தெடுத்து, வரிசைப்படுத்தி, நம் கையாலேயே ஓர் ஒலிநாடாவில் பதிந்து தருவது அத்தகைய அன்பளிப்பு. அதை எவ்வாறு செய்வது என்பதை எனக்குத் தெரிந்த அளவில் இங்கே கூற விரும்புகிறேன்.

"கைப்பேசியில் ஆயிரம் பாட்டு இருக்கும்போது உனக்கு ஏன் இந்தப் பழைய கேசட்?" என்று என் வகுப்புத் தோழியர் கேலி செய்தனர். என் மாமாவுக்குச் சில ஆண்டுகளாகக் கண்பார்வை மங்கிவிட்டது. கைப்பேசியின் வழுவழுப்பான கண்ணாடி அவருக்கு உதவுவதில்லை. ஆனால் அவருடைய பழைய டூ-இன்-ஒன்னின் பொத்தான்கள் விரலுக்குத் தெளிவாகத் தட்டுப்படுகின்றன. யாருடைய உதவியும் இன்றி அவராகவே பாட்டுக் கேட்கலாம். அவர் வைத்திருந்த கேசட்டுகள் பல பூஞ்சை பிடித்துக் கெட்டுப்போய்விட்டன. ஆகவே அவர் பிறந்தநாளுக்கு ஒரு கேசட் பதிந்து தர முடிவு செய்தேன்.

கேசட்டின் கதை

1963ஆம் ஆண்டில் பெர்லின் நகரில் நடந்த வானொலிக் கண்காட்சியில் பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டை அறிமுகப்படுத்தியது. அதற்கு முன்பும் ஒலிநாடா இருந்தது. ஆனால் அது பெரிய சக்கரங்களில் சுற்றப்பட்டு, கையால் கோத்து ஓட்ட வேண்டியதாக இருந்தது. கேசட்டோ உள்ளங்கையில் அடங்கியது. 1979இல் சோனி நிறுவனம் 'வாக்மேன்' என்னும் சிறு கருவியை வெளியிட்டதும், நடந்துகொண்டே பாட்டுக் கேட்கும் வழக்கம் உலகெங்கும் பரவியது.

கேசட்டினுள் இருக்கும் நாடாவின் அகலம் 4 மில்லிமீட்டர்கூட இல்லை. அதன் மேல் காந்தத் தன்மையுள்ள இரும்பு ஆக்சைடு பூசப்பட்டிருக்கிறது. அது ஒரு நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. பதிவு செய்யும்போது நாடா முதலில் அழிக்கும் ஹெட்டைத் தொட்டுச் செல்கிறது. அங்கே பழைய ஒலி துடைக்கப்படுகிறது. அடுத்த ஹெட், புதிய ஒலியைக் காந்த அடையாளங்களாக எழுதுகிறது. சிலேட்டை ஒரு கையால் துடைத்துக்கொண்டே மறு கையால் எழுதுவது போன்றது இது. துடைத்தது திரும்ப வராது. இதை நினைவில் வையுங்கள். பின்னால் சொல்ல வேண்டியது உண்டு.

சி-60 என்றால் பக்கத்துக்கு 30 நிமிடம். சி-90 என்றால் பக்கத்துக்கு 45 நிமிடம். சி-120 கேசட்டும் உண்டு. ஆனால் அதில் நாடா மிக மெல்லியது. ரப்பர் உருளையில் சிக்கிக்கொள்ளும். முதன்முதலாகப் பதிகிறவர்களுக்கு சி-60 போதும்.

பாடல்களைத் தேர்ந்தெடுத்தல்

மாமாவுக்குப் பிடித்தது பீட்டில்ஸ் என்னும் ராக் இசைக்குழு. அவர் வழியாக எனக்கும் அதுவே பிடித்துவிட்டது. ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார் என்னும் நால்வரும் இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுக நகரத்தைச் சேர்ந்தவர்கள். 1970இல் குழு பிரிவதற்குள் இருநூறுக்கு மேற்பட்ட பாடல்களை வெளியிட்டார்கள். அவற்றிலிருந்து இருபதைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

நான் கண்ட வழி இதுதான். ஒரு குழு வளர்ந்த கதையைப் பாடல்களாலேயே சொல்ல வேண்டும். 1963 பிப்ரவரி 11 அன்று ஒரே நாளில் பத்துப் பாடல்களைப் பதிந்து தங்கள் முதல் இசைத்தட்டைப் பெரும்பாலும் முடித்தவர்கள் இவர்கள். அக்காலத்துப் பாடல்கள் துள்ளும். ஆகவே முதலில் 'ஆல் மை லவ்விங்', 'ஐ வான்ட் டு ஹோல்ட் யுவர் ஹேண்ட்' ஆகிய இரண்டையும் வைத்தேன். அடுத்து 1965ஆம் ஆண்டின் 'ஹெல்ப்'. அதன் பின் 'எஸ்டர்டே'. இதில் பால் மட்டுமே கிட்டார் மீட்டிப் பாட, நான்கு நரம்பிசைக் கருவிகள் துணை செய்கின்றன. மற்ற மூவரும் இல்லை. ஆரவாரத்துக்குப் பின் ஓர் அமைதி வந்தால்தான் இரண்டின் அருமையும் தெரியும்.

அதே ஆண்டின் 'நார்வீஜியன் வுட்' பாட்டில் ஜார்ஜ் ஹாரிசன் நம் நாட்டு சிதாரை வாசித்தார். மறு ஆண்டு பண்டிட் ரவிசங்கரிடம் மாணவராகச் சேர்ந்தார். 1968 ஜனவரியில் பம்பாய்க்கே வந்து, இந்தியக் கலைஞர்களைக் கொண்டு 'தி இன்னர் லைட்' பாட்டுக்கான இசையைப் பதிந்துகொண்டு சென்றார். இதை அறிந்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது.

1966ஆம் ஆண்டின் 'எலினார் ரிக்பி' என் நெஞ்சைத் தொட்ட பாட்டு. கோயிலையே சுற்றி வந்து, யாரும் இல்லாமல் இறந்துபோகும் ஒரு பெண்ணைப் பற்றியது. இதில் நால்வரும் எந்தக் கருவியும் வாசிக்கவில்லை. எட்டு நரம்பிசைக் கலைஞர்களே வாசிக்கிறார்கள். ராக் இசை என்றாலே வெறும் சத்தம் என்று நினைப்பவர்கள் இந்த ஒரு பாட்டைக் கேட்டால் போதும்.

கூட்டல் கணக்கு

பதியத் தொடங்குமுன் தாளும் பேனாவும் எடுத்துக் கணக்குப் போடுங்கள். ஒவ்வொரு பாட்டின் நேரத்தையும் நிமிடம், நொடியாக எழுதிக் கூட்டுங்கள். பாட்டுக்குப் பாட்டு 3 நொடி இடைவெளி சேருங்கள். கணக்குப் போடாமல் பதிந்தால் கடைசிப் பாட்டு பாதியில் அறுந்து போகும். அதைவிடக் கேட்பவருக்கு எரிச்சலூட்டுவது வேறில்லை.

மேலே சொன்ன ஆறு பாடல்களுடன் 'பென்னி லேன்', 'எ டே இன் தி லைஃப்' ஆகியவற்றையும், 7 நிமிடத்துக்கு மேல் ஓடும் 'ஹே ஜூட்' பாட்டையும் சேர்த்தால் ஏ பக்கம் ஏறத்தாழ 29 நிமிடமும் சில நொடிகளும் ஆயிற்று. 'ஹியர் கம்ஸ் தி சன்' இடமின்றி பி பக்கத்துக்குப் போயிற்று. அரை நிமிடத்துக்குச் சற்று அதிகமாக மிஞ்சியது. அதில் 23 நொடியே ஓடும் 'ஹெர் மெஜஸ்டி'யைப் பொருத்தினேன்.

இந்தக் குட்டிப் பாட்டுக்கு ஒரு கதை உண்டு. 1969இல் 'அபே ரோடு' இசைத்தட்டைத் தொகுத்தபோது இதை வெட்டி எறியும்படி பால் கூறினாராம். ஆனால் எதையும் எறியக் கூடாது என்பது அந்தப் பதிவுக்கூடத்தின் விதி. ஆகவே அங்கிருந்த இளம் உதவியாளர் ஜான் கர்லேண்டர் அதை நாடாவின் கடைசியில், சற்று இடைவெளி விட்டு ஒட்டி வைத்தார். அதைக் கேட்ட பாலுக்கு அப்படியே பிடித்துவிட்டது. எறியாமல் வைத்ததால் பிழைத்த பாட்டு அது!

பதியும் முறை

முதலில் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஹெட்டையும் ரப்பர் உருளையையும் துடையுங்கள். நாடாவின் தொடக்கத்தில் சில நொடிகளுக்குக் காந்தப் பூச்சு இருக்காது. பென்சிலைக் கேசட்டின் பல்லில் செருகிச் சுற்றி, பழுப்பு நிற நாடா தெரியும்வரை நகர்த்துங்கள். இல்லையேல் முதல் பாட்டின் தலை போய்விடும். சி.டி. பிளேயரிலிருந்து கம்பி வழியாகப் பதிவதே சிறந்தது. மைக் வைத்துப் பதிந்தால் குக்கர் விசிலும் சேர்ந்து பதிவாகும். பாஸ் பொத்தானை அழுத்தி வைத்துக்கொண்டு, ரெக்கார்டு, பிளே இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். பாட்டுத் தொடங்கும்போது பாஸை விடுங்கள்.

பாட்டு முடியுமுன் அவசரப்பட்டு நிறுத்தாதீர்கள். 'எ டே இன் தி லைஃப்' பாட்டின் கடைசிப் பியானோ ஒலி 40 நொடிக்கு மேல் மெல்ல மெல்லத் தேய்கிறது. இப்படிப் பதிவதற்குக் குறுக்கு வழி இல்லை. ஒரு மணி நேரப் பாட்டுக்கு ஒரு மணி நேரம் உடனிருந்து கேட்டே ஆக வேண்டும். கேசட் கடையில் பட்டியலைக் கொடுத்துவிட்டு ஒரு வாரம் காத்திருந்த தன் பள்ளி நாள்களை அம்மா அப்போது சொல்லிச் சிரித்தார்.

பதிந்து முடிந்ததும் கேசட்டின் பின் விளிம்பில் உள்ள சிறு பிளாஸ்டிக் நாக்குகளை முறித்துவிடுங்கள். பிறகு யாராலும் தவறுதலாக அதன் மேல் பதிய முடியாது. மறுபடி பதிய விரும்பினால் அந்த ஓட்டையின் மேல் செல்லோடேப் ஒட்டினால் போதும்.

நான் செய்த பிழை

இந்த நாக்கைப் பற்றி நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வெற்றுக் கேசட் இப்போது எளிதில் கிடைப்பதில்லை. அப்பா தபாலில் வரவழைத்துத் தருவதாகச் சொல்லியிருந்தார். எனக்குப் பொறுமை இல்லை. மாமாவின் பெட்டியில் பெயர் எழுதாத பழைய கேசட் ஒன்று கிடந்தது. நாக்கு முறிக்கப்படவில்லை. ஆகவே காலியானது என்று நினைத்து, போட்டுக் கேட்காமலே ஒரு பாட்டைச் சோதனையாகப் பதிந்தேன்.

அந்தப் பாட்டு 1970இல் வெளிவந்த 'லெட் இட் பி'. அதில் மரியன்னை வருகிறார். தேவமாதாவைத்தான் பாடுகிறார்கள் என்று நான் எண்ணியிருந்தேன். ஆனால் பாலின் தாயார் பெயரும் மேரி. செவிலியராகப் பணியாற்றிய அவர் 1956இல், பாலுக்கு 14 வயதாக இருந்தபோது இறந்தார். பல ஆண்டுகளுக்குப் பின், மனம் கலங்கியிருந்த ஒரு நாள் கனவில் வந்து தேற்றினாராம். அதுவே பாட்டாயிற்று. கேட்பவர் தம் விசுவாசத்துக்கு ஏற்பத் தேவமாதாவாகக் கொண்டாலும் மகிழ்ச்சியே என்று பால் கூறியிருக்கிறார்.

பாட்டு முடிந்து நிறுத்திவிட்டு, சரியாக வந்திருக்கிறதா என்று போட்டுக் கேட்டேன். பாட்டு ஓய்ந்ததும் ஒரு பெண் குரல் கேட்டது. என் பாட்டியின் குரல்! 1986இல் டூ-இன்-ஒன் புதிதாக வாங்கியபோது, வீட்டில் எல்லாரும் சொன்ன செபமாலையை மாமா பதிந்து வைத்திருக்கிறார். பாட்டி 'அருள் நிறைந்த மரியே' சொல்ல, மற்றவர்கள் பதில் சொல்கிறார்கள். நடுவில் சிறுமியாக என் அம்மாவின் குரல். நான் பிறக்குமுன்பே பாட்டி இறந்துவிட்டார். முதல் நான்கு நிமிடம் என்னால் அழிந்துவிட்டது.

அழுதுகொண்டே மாமாவிடம் சொன்னேன். அவர் கேசட்டைப் போடச் சொல்லி, முதலிலிருந்து கேட்டார். பாட்டு முடிந்து பாட்டியின் குரல் வந்தது. ஏ பக்கம் முழுவதும் ஓடி முடியும்வரை அவர் பேசவில்லை. "மேலே ஏதாவது செய்து பாட்டை எடுத்துவிடட்டுமா, மாமா?" என்று கேட்டேன். "இருக்கட்டும்மா, அப்படியே விடு" என்றார். பிறகு கேசட்டைக் கையில் வாங்கி, விளிம்பைத் தடவிப் பார்த்து, இரண்டு நாக்குகளையும் தாமே முறித்தார்.

புதிய கேசட் வந்த பின் மேலே சொன்னபடி பதிந்து முடித்தேன். 'லெட் இட் பி'யை மட்டும் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டேன். மாமா தடவி அறிந்துகொள்வதற்காக ஏ பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டும் பி பக்கத்தில் இரண்டு பொட்டும் ஒட்டினேன். பாட்டியின் கேசட்டுக்கு மூன்று பொட்டு.

தோழியரே! உங்கள் வீட்டுப் பரணிலும் பெயர் எழுதாத கேசட்டுகள் இருக்கலாம். அவற்றின் மேல் எதையும் பதியுமுன் ஒரு முறை முழுவதும் போட்டுக் கேளுங்கள். கேட்டபின் பெயர் எழுதுங்கள். நாக்கை முறித்து வையுங்கள். அதன் பிறகு உங்களுக்குப் பிடித்த பாடல்களைப் புதிய நாடாவில் பதிந்து, நீங்கள் நேசிக்கும் ஒருவருக்குப் பரிசளியுங்கள்!