வேலியே பயிரை மேயும் லூபஸ்!

''எனக்கு லூபஸ் இருக்கு. என் பொண்ணுக்கும் வந்துடுமா டாக்டர்?'' - பல தாய்மார்களின் கவலை இதுதான்.

கிருமிகளோடு சண்டை போடவேண்டிய எதிர்ப்பு சக்தி, நம் உடம்பின் மீதே பாய்வதுதான் லூபஸ். பத்து நோயாளிகளில் சுமார் ஒன்பது பேர் பெண்கள்.

வைரஸ் நுழைந்ததும் செல்கள் 'இன்டர்ஃபெரான்' என்ற புரதத்தைச் சுரந்து அபாயச் சங்கு ஊதும். வைரஸ் ஒழிந்ததும் சங்கு ஓய வேண்டும். லூபஸ்காரர்கள் பலருக்கு ஓய்வதே இல்லை. விளைவு... மூட்டு வலி, கன்னத்தில் பட்டாம்பூச்சி வடிவச் சிவப்பு, முடி கொட்டுதல், கிட்னி பாதிப்பு!

காரணம், ஜீன்களா? ஓரளவுக்கு! ஸ்பெயின் நாட்டுச் சிறுமி ஒருத்திக்கு டி.எல்.ஆர்.7 என்ற ஒரே ஜீனில் இருந்த மாற்றமே லூபஸைக் கொண்டுவந்ததை 2022-ல் விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். அதே மாற்றத்தை எலிகளுக்குப் புகுத்தினால், அவற்றுக்கும் லூபஸ்!

ஆனால், இது ரொம்ப அபூர்வம். மற்றவர்களுக்கு ஐ.ஆர்.எஃப்.5, ஸ்டாட்4 என்று பல ஜீன்கள் கொஞ்சம் கொஞ்சமாக வழி திறந்துவிட, வெயில், ஹார்மோன், தொற்று எல்லாம் சேர்ந்துதான் நோய் கிளம்புகிறது. அச்சு அசலான இரட்டையரில் ஒருவருக்கு லூபஸ் வந்தாலும், பெரும்பாலும் மற்றவர் தப்பிவிடுகிறார். அதனால், அம்மாவுக்கு இருந்தால் பொண்ணுக்கு வந்தே தீரும் என்பதில்லை.

காரணம் புரியாத காய்ச்சல், காலையில் மூட்டு இறுக்கம், வெயில் பட்டதும் தோல் சிவப்பது... இவை வாரக்கணக்கில் நீடித்தால் டாக்டரிடம் காட்டுங்கள். ஏ.என்.ஏ. ரத்தப் பரிசோதனையும், சிறுநீர்ப் பரிசோதனையும் தேவைப்படலாம்.

ஹைட்ராக்ஸிகுளோரோகுயின்தான் இன்றும் அடிப்படை மருந்து. இன்டர்ஃபெரான் ஊதும் சங்கு செல்களின் காதில் விழாமல் தடுக்கும் அனிஃப்ரோலுமாப் மருந்துக்கு 2021-ல் அமெரிக்கா அனுமதி தந்தது.

'இப்பதான் நல்லா இருக்கேனே' என்று நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். சங்கு மறுபடி ஊத ஆரம்பித்துவிடும்!