திண்டிவனத்து பங்களாவில் ஓர் இரவு!

குட்டிகளே! உழவர்கரையில் இருப்பவர்களுக்கு ஜிப்மர் ஆஸ்பத்திரியைத் தெரியாமல் இருக்காது. கோரிமேட்டில், திண்டிவனம் சாலையில் இருக்கிறதே, அதேதான்! பிரெஞ்சுக்காரர்கள் 1823-இல் புதுச்சேரியில் தொடங்கிய மருத்துவப் பள்ளிதான் அதற்கு முன்னோடி.

ஜிப்மர் வாசலில் நின்று வடக்கே போகிற பஸ்ஸில் ஏறினால், கிளியனூரைத் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் திண்டிவனம் வந்துவிடும். அந்தத் திண்டிவனத்தில், 1890-ஆம் ஆண்டு ஓர் இரவில், ஒரு வீட்டின் கதவு மூன்று முறை தட்டப்பட்டது. அதனால் பிறந்ததுதான் இன்னொரு பெரிய மருத்துவமனை. வேலூர் சி.எம்.சி.!

அந்த வீட்டில் இருந்தவர்கள் அமெரிக்கர்கள். அமெரிக்கா எங்கே, திண்டிவனம் எங்கே! அவர்களுக்கு இங்கே என்ன வேலை? அதைத் தெரிந்துகொள்ள இன்னும் எழுபது ஆண்டுகள் பின்னால் போக வேண்டும்.

நியூயார்க் நகரில் ஜான் ஸ்கடர் என்று ஓர் இளம் டாக்டர் இருந்தார். நல்ல வருமானம், நல்ல பெயர். ஒருநாள் நோயாளி ஒருவரின் வீட்டுக்குப் போனபோது, அங்கிருந்த ஒரு சின்னப் புத்தகம் அவர் கண்ணில் பட்டது. உலகம் முழுக்கப் போய்க் கிறிஸ்தவ மதத்தைச் சொல்ல ஆட்கள் வேண்டும் என்றது அந்தப் புத்தகம். அவ்வளவுதான், மனிதர் கிளம்பிவிட்டார்! இப்படித் தங்கள் மதத்தைச் சொல்ல வேறு நாட்டுக்குப் போகிறவர்களைத்தான் ‘மிஷனரிகள்’ என்பார்கள்.

1819-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஜான் ஸ்கடர், மனைவி ஹாரியட், கைக்குழந்தையாக ஒரு மகள் ஆகிய மூவரும் பாஸ்டன் துறைமுகத்தில் ‘இண்டஸ்’ என்ற கப்பலில் ஏறினார்கள். பாய்மரக் கப்பல். கல்கத்தா வந்து சேர நான்கு மாதம் ஆயிற்று. கரையில் இறங்கிய கொஞ்ச நாளில் அந்தக் குழந்தை இறந்துவிட்டது. பிறகு அவர்கள் இலங்கைக்குப் போனார்கள். அங்கே பிறந்த அடுத்த குழந்தையும் தங்கவில்லை. அப்பா டாக்டர்தான். ஆனாலும் அந்தக் காலத்து மருத்துவத்தால் காப்பாற்ற முடியவில்லை.

யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் பண்டத்தரிப்பு என்று ஓர் ஊர். அதுதான் அவர்களுடைய வீடு ஆயிற்று. அங்கே டாக்டர் தமிழ் படித்தார். நோயாளிகளைப் பார்த்தார், ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கமும் செய்தார். ஹாரியட் அம்மாவுக்கோ வீட்டில் இரட்டை வேலை! தன் பிள்ளைகளோடு, மிஷன் விடுதிப் பள்ளியில் தங்கிப் படித்த பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஊருக்கு ஒரு கடிதம் எழுதினால் அது போய்ச் சேர நான்கு மாதம், பதில் வர இன்னொரு நான்கு மாதம். ‘பாப்பாவுக்குப் பல் முளைத்துவிட்டது’ என்று பாட்டிக்கு எழுதினால், பதில் வருவதற்குள் பாப்பா ஓடி விளையாடிக்கொண்டிருக்கும்!

1836-இல் குடும்பம் சென்னைக்கு வந்தது. அந்த டாக்டருக்குக் குழந்தைகள் என்றால் கொள்ளைப் பிரியம். அமெரிக்கக் குழந்தைகளுக்காகவே கடிதங்கள் போலப் புத்தகங்கள் எழுதினார்.

ஆனால் அவருடைய சொந்தப் பிள்ளைகள்? இங்கேதான் மனசு கொஞ்சம் கனக்கிறது. படிப்பதற்காக அவர்களைச் சிறு வயதிலேயே அமெரிக்காவுக்குக் கப்பல் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். அப்பா அம்மா இங்கே, பிள்ளைகள் அங்கே. நடுவில் இரண்டு கடல்கள்! வருடக்கணக்கில் முகம் பார்க்க முடியாது. வெளிநாட்டில் சேவை செய்த பல மிஷனரிக் குடும்பங்களிலும் இதே கதைதான். பெரியவர்கள் விரும்பி எடுத்த முடிவு அது. பிள்ளைகளை யாரும் கேட்கவில்லை, இல்லையா?

ஆச்சரியம் என்னவென்றால், அப்படிப் போன பிள்ளைகளில் ஏழு மகன்கள் படித்து முடித்துத் திரும்ப இங்கேயே வந்தார்கள். அவர்களில் மூவர் 1853-இல் ‘ஆற்காடு மிஷன்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். இன்னொருவர், சைலஸ், 1866-இல் ராணிப்பேட்டையில் மருத்துவமனை திறந்தார். கடைக்குட்டி, அப்பாவின் பெயரையே கொண்ட ஜான். இவரும் டாக்டர். இவருக்கு வரிசையாக ஐந்து பையன்கள். ஆறாவதாக 1870 டிசம்பர் 9-ஆம் தேதி ராணிப்பேட்டையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அவள்தான் நம் கதாநாயகி ஐடா!

ஐடாவுக்கு ஆறு வயது இருக்கும்போது தாது வருடப் பஞ்சம் வந்தது. தாத்தா பாட்டிகளிடம் கேட்டுப் பாருங்கள், அந்தப் பஞ்சத்தைப் பற்றி அவர்களுக்குப் பெரியவர்கள் சொன்ன கதைகள் இருக்கும். பசியில் எலும்பும் தோலுமாக வந்த குழந்தைகளுக்கு ரொட்டித் துண்டுகளைக் கொடுக்கும் வேலை குட்டி ஐடாவுக்கு. தன் வயதுப் பிள்ளைகள் சாப்பிடக்கூடத் தெம்பில்லாமல் கிடந்ததைப் பார்த்தாள்.

பிறகு குடும்பம் அமெரிக்கா போனது. கொஞ்ச காலத்தில் அப்பா இந்தியா திரும்பினார். அடுத்து அம்மா சோபியாவும் கிளம்பினார். ஐடாவை மட்டும் சிகாகோவில் சொந்தக்காரர்கள் வீட்டில் விட்டுவிட்டார்கள். அன்றிரவு அம்மாவின் அறைக்குப் போய் அழுது தீர்த்தாளாம் அவள். பஞ்சம், வெயில், பிரிவு... போதுமடா சாமி என்று ஆகிவிட்டது. என்ன ஆனாலும் சரி, மிஷனரி மட்டும் ஆகமாட்டேன் என்று முடிவு செய்தாள்.

1890-இல் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று செய்தி வந்தது. அப்போது பெற்றோர் இருந்த ஊர் திண்டிவனம். அம்மாவைக் கொஞ்ச நாள் கவனித்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் ஐடா வந்தார். அப்போதுதான் அந்த இரவு வந்தது.

முதலில் கதவைத் தட்டியவர் ஓர் இளைஞர், பிராமணர். அவருடைய மனைவிக்குப் பிரசவ வலி, நிலைமை மோசம். அந்தப் பெண்ணுக்கு வயது பதினான்குதான்! உங்களில் பெரியவர்களின் வயது. அந்தக் காலத்தில் அவ்வளவு சின்ன வயதிலேயே கல்யாணம் செய்துவிட்டார்கள். ஐடா, தனக்கு மருத்துவம் தெரியாது, அப்பாதான் டாக்டர், அவரோடு வருகிறேன் என்றார். வந்தவர் மறுத்துவிட்டார். வேற்று ஆண் யாரும் தன் மனைவியைப் பார்க்கக் கூடாது. அது அவர்கள் வழக்கம்.

அவர் போன பிறகு மறுபடி கதவு தட்டப்பட்டது. இப்போது வந்தவர் ஒரு முஸ்லிம். அதே வேண்டுகோள். அதே மறுப்பு. மூன்றாவதாக வந்தவர் இன்னோர் இந்து. அவரும் ஆண் டாக்டர் வேண்டாம் என்று திரும்பிப் போனார். ஒரே இரவில் மூன்று பேர்! கூப்பிடு தூரத்தில் டாக்டர் இருந்தார். ஆனால் அவரால் போக முடியவில்லை. போகக்கூடிய ஐடாவுக்கோ வைத்தியம் தெரியவில்லை.

அந்த இரவு ஐடா தூங்கவே இல்லை. விடிந்ததும் தெருவில் பறை ஒலி கேட்டது. மூன்று பெண்களும் என்ன ஆனார்கள் என்று பார்த்துவர வேலையாளை அனுப்பினார். மூன்று பேருமே இறந்துவிட்டார்கள் என்ற செய்தி வந்தது.

மிஷனரியே ஆகமாட்டேன் என்ற பெண், அன்றைக்கே அப்பா அம்மாவிடம் போய், டாக்டருக்குப் படித்துவிட்டு இங்கேயே திரும்பி வருகிறேன் என்றார்.

சொன்னபடி அமெரிக்கா போய்ப் படித்தார். கார்னெல் மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்க்கத் தொடங்கிய புதிது. அங்கே 1899-இல் பட்டம் பெற்றார். பெண்களுக்கு ஒரு மருத்துவமனை கட்டப் பணம் கேட்டு ஒரு வீட்டில் பேசிக்கொண்டிருந்தபோது, பக்கத்து அறையில் இருந்த ஷெல் என்ற வங்கி முதலாளி அதைக் கேட்டுவிட்டார். மறைந்த தன் மனைவியின் நினைவாகப் பத்தாயிரம் டாலர் கொடுத்தார்! (ஒட்டுக்கேட்பது தப்புதான். இந்த ஒரு தடவை மன்னித்துவிடலாம்.)

1900-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஐடா வேலூர் வந்தார். அப்பாவின் அருகில் இருந்து தொழில் பழகலாம் என்பது அவர் ஆசை. ஆனால் மே மாதமே அப்பா இறந்துவிட்டார். அம்மா சோபியா அமெரிக்காவுக்குத் திரும்பவில்லை. கடைசிவரை மகளுடன் வேலூரிலேயே இருந்தார்.

பங்களாவில் ஒரு சின்ன அறைதான் முதல் ஆஸ்பத்திரி. வீட்டில் வேலை பார்த்த சலோமி என்ற பெண்தான் முதல் உதவியாளர். இந்த அமெரிக்கப் பெண்ணுக்கு என்ன வைத்தியம் தெரியும் என்று ஆரம்பத்தில் யாரும் வரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக வந்தார்கள். இரண்டு வருடத்தில் ஐயாயிரம் நோயாளிகள்! 1902-இல் நாற்பது படுக்கைகளோடு ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது.

ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவர்கள் என்ன செய்வார்கள்? ஐடாவே கிளம்பினார். முதலில் மாட்டுவண்டி, பிறகு ஒரு ‘பீஜோ’ கார். அதுவும் பிரெஞ்சுக் கம்பெனிதான்! குடியாத்தம் போகிற சாலையில் மரத்தடிதோறும் கார் நிற்கும். ‘புடுபுடு’ என்று வரும் அந்த வண்டியைக் கண்டு முதலில் பயந்து ஓடியவர்கள், பிறகு குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு அதற்காகக் காத்து நின்றார்கள். புண்ணுக்குக் கட்டுப் போடுவது, கண்ணுக்கு மருந்து விடுவது, பல் பிடுங்குவது என்று எல்லாமே மரத்தடியில்தான்.

ஒரு டாக்டர் எத்தனை ஊருக்கு ஓட முடியும்? நம் ஊர்ப் பெண்களே டாக்டர் ஆக வேண்டும் என்று 1918-இல் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி தொடங்கினார். மூன்று பேர் விண்ணப்பித்தாலே அதிர்ஷ்டம் என்று நினைத்தார் அரசின் மருத்துவத் துறைத் தலைவர். வந்த விண்ணப்பங்கள் எவ்வளவு தெரியுமா? 151! சேர்ந்தவர்கள் 17 பேர். அவர்களில் 14 பேர் 1922-இல் படித்து முடித்தார்கள். பெண் டாக்டர் இல்லாததால் மூன்று பேர் இறந்த அந்த இரவு முடிந்து அப்போது முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தப் பள்ளிதான் வளர்ந்து சி.எம்.சி. ஆயிற்று. 1947-இல் ஆண்களையும் சேர்த்துக்கொண்டார்கள்.

ஐடா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1960 மே மாதம், கொடைக்கானலில், 89-ஆவது வயதில் காலமானார். அதற்குள் ஸ்கடர் குடும்பத்தின் நான்கு தலைமுறைகளில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் மிஷனரிகளாக வேலை செய்திருந்தார்கள். அவருடைய அண்ணன் மகளுக்கும் ஐடா என்றுதான் பெயர். அவரும் டாக்டர், அவரும் வேலூரில்தான்! இரண்டு ஐடாக்களுக்கும் வரும் கடிதங்களைப் பிரிக்கத் தபால்காரர் பாடு என்னவோ, பாவம்!

தபால் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. ஒரு முறை வெளிநாட்டிலிருந்து ஒரு கடிதம் வந்ததாம். உறையின் மேல் தெருவும் இல்லை, ஊரும் இல்லை. ‘டாக்டர் ஐடா, இந்தியா’ என்று மட்டும்தான் எழுதியிருந்தது. அது நேராக வேலூருக்கு, அவர் கைக்கே வந்து சேர்ந்துவிட்டது!