சத்தம் எதைப் பின்தொடர்கிறது?

மாருதி ஜிப்சியின் தயாரிப்பு நின்று சில ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும் ராணுவத்திலும் வனத்துறையிலும் உழைத்துப் பேர் வாங்கிய அந்தச் சின்ன வண்டிக்கு, சேற்றிலும் பாறையிலும் ஓட்ட ஆசைப்படுகிறவர்களிடம் இன்றும் மவுசு குறையவில்லை. கைக்கு வந்ததும் பலர் செய்கிற முதல் வேலை, வண்டியை உயர்த்துவது. கம்பெனி அமைப்பில் ஜிப்சியின் கமான் பட்டைகள் ஆக்ஸிலுக்கு அடியில் இருக்கும். அவற்றை ஆக்ஸிலுக்கு மேலே ஏற்றிக் கட்டினால் வண்டி ஏறத்தாழ 10, 12 சென்டிமீட்டர் எழும்பிவிடும். பெரிய டயர் போடவும் இடம் கிடைக்கும். பட்டறையை விட்டு வெளியே வரும்போது எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். நெடுஞ்சாலையில் 50, 60 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் காலடித் தகட்டில் ஓர் உதறல் தொடங்கும். கூடவே காதை அடைக்கிற ஓர் உறுமல். அப்புறம் வண்டி டயர் கடைக்குப் போகும், பேலன்ஸிங் பார்ப்பார்கள். பிறகு ப்ரொப்பல்லர் ஷாஃப்டின் மூட்டுகளில் உள்ள கிராஸை மாற்றுவார்கள், ரப்பர் மவுன்ட் மாற்றுவார்கள், வீல் பேரிங் மாற்றுவார்கள். செலவு ஏறும், உதறல் அப்படியே இருக்கும். மாற்றியமைத்த வண்டியில் பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிக் கோளாறு தேடுவது அடிப்படையிலேயே தவறான வழி. அங்கே கெட்டுப்போன பாகம் என்று ஒன்று இல்லாமலே போகலாம். நல்ல பாகங்கள் ஒன்றோடொன்று பிடிக்கிற கோணம் கெட்டிருக்கும். பழைய கிராஸைக் கழற்றிப் புதிய கிராஸ் போட்டால், புதிய கிராஸும் அதே கெட்ட கோணத்தில்தான் சுழலும்.

ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி 'எங்கிருந்து சத்தம் வருகிறது' என்பதைவிட, 'சத்தம் எதைப் பின்தொடர்கிறது' என்பதே. ஓடுகிற வண்டியில் வெவ்வேறு வேகத்தில் சுழல்கிறவை சில இருக்கின்றன. கொஞ்சம் கணக்குப் போட்டால் அவற்றைப் பிரித்துவிடலாம். 31 அங்குல டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய இரண்டரை மீட்டர் போகும். 60 கிலோமீட்டர் வேகத்தில் அது வினாடிக்கு 7 முறை சுற்றுகிறது. கிரவுன்-பினியன் விகிதம் நான்குக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால், ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் வினாடிக்கு 27 முறை சுற்றும். அந்த ஷாஃப்டின் கிராஸ்கள் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை உதறும் இயல்புடையவை, ஆக 54. நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 2,400 சுற்றில் ஓடினால் அதன் துடிப்பு வினாடிக்கு 80. வினாடிக்கு ஏழு என்பது ஸ்டீயரிங்கும் சீட்டும் ஆடுவதாகக் கைக்குத் தெரியும், ஐம்பதுக்கு மேல் போனால் உறுமலாகக் காதுக்குக் கேட்கும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கையில் போனை வைத்துக்கொண்டு, அதிர்வை அளக்கும் செயலி ஒன்றைத் திறந்தால், இந்த எண்களில் எது மேலோங்குகிறது என்பதற்கு நல்ல குறிப்பு கிடைக்கும். செயலி இல்லாவிட்டாலும் பாதகமில்லை. ஆளில்லாத நேரான சாலையில் உதறல் வருகிற வேகத்தைப் பிடித்து, கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, எஞ்சினை ஐடிலுக்கு இறக்கிவிட்டால் போதும். அப்போதும் உதறல் தொடர்ந்தால் எஞ்சினும் கிளட்சும் குற்றவாளிகள் அல்ல. டயர், ஷாஃப்ட், ஆக்ஸில் பக்கம் தேட வேண்டும். உதறல் சட்டென்று நின்றால் எஞ்சினையும் அதன் மவுன்ட்டுகளையும் சந்தேகிக்கலாம், அல்லது விசை பாயும்போது மட்டுமே தலைகாட்டுகிற கோளாறு என்று கொள்ளலாம். ஒரு பைசா செலவில்லாத இந்த ஒரு சோதனை, மாற்றத் திட்டமிட்ட பாகங்களில் பாதியைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடும்.

உயர்த்திய வண்டியில் ஷாஃப்ட் ஏன் முதல் சந்தேகத்துக்கு உள்ளாகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும். கிராஸ் வைத்த இந்த மூட்டு மிகப் பழைய உத்தி. 16-ஆம் நூற்றாண்டு இத்தாலியரான கார்டானோவின் பெயரையும், 17-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயரான ராபர்ட் ஹூக்கின் பெயரையும் இன்றும் தாங்கி நிற்கிறது. அதற்கு ஒரு பிறவிக் குணம் உண்டு. ஒருபக்கம் சீராகச் சுழற்றினாலும், மூட்டு வளைந்திருக்கும்போது மறுபக்கம் சீராகச் சுழலாது. ஒரு சுற்றுக்குள் இரண்டு முறை முந்தும், இரண்டு முறை பிந்தும். வளைவு 5 டிகிரி என்றால் இந்த ஏற்ற இறக்கம் அரை சதவீதம்கூட இல்லை. 15 டிகிரி என்றால் மூன்றரை சதவீதம். கோணம் மூன்று மடங்கானதற்கு உதறல் ஒன்பது மடங்காகிறது. வண்டியை 10 சென்டிமீட்டர் உயர்த்தினால், 80 சென்டிமீட்டர் நீள ஷாஃப்டில் 7 டிகிரி கூடும். 60 சென்டிமீட்டர் ஷாஃப்டில் ஒன்பதரை. ஏற்கெனவே இருந்த சில டிகிரிகளை இதனோடு சேர்த்துக்கொள்ளுங்கள். ஷாஃப்ட் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும் இடத்தில் ஏறத்தாழ 6 டிகிரிக்கு மேல் மூட்டு வளையக் கூடாது, 2,000 சுற்று என்றால் 8, 9 டிகிரி வரை போகலாம் என்பது ஷாஃப்ட் தயாரிப்பாளர்கள் வழக்கமாகத் தரும் வரம்பு. ஆக, 40 கிலோமீட்டர் வேகத்தில் அமைதியாக ஓடிய வண்டி 60-ஐத் தாண்டியதும் உறுமுவதில் மர்மம் எதுவும் இல்லை. ஜிப்சியில் இன்னொரு சிக்கலும் உண்டு. விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர் பாக்ஸோடு ஒட்டாமல் தனியாக ரப்பர் மவுன்ட்டுகளில் தொங்குகிறது; ஆகவே குட்டி ஷாஃப்ட் ஒன்று நடுவில், முன்னே ஒன்று, பின்னே ஒன்று என மூன்று ஷாஃப்டுகள், ஆறு கிராஸ்கள். மவுன்ட் தளர்ந்து கேஸ் சற்றே திரும்பினால் மூன்று ஷாஃப்டுகளின் கோணமும் ஒரே நேரத்தில் மாறும்.

இயந்திரம் படித்தவர்கள் இங்கே ஒரு நியாயமான மறுப்பைச் சொல்வார்கள். ஷாஃப்டின் இரு முனைகளிலும் கோணம் சமமாக இருந்தால், முதல் மூட்டு உண்டாக்குகிற ஏற்ற இறக்கத்தை இரண்டாவது மூட்டு சரிக்கட்டிவிடும். வண்டியை நேராக மேலே தூக்கினால் இரு கோணங்களும் ஒரே அளவில்தானே கூடும், பிறகு உதறல் எங்கிருந்து வரும் என்பது அவர்கள் கேள்வி. சரிக்கட்டல் உண்மைதான், ஆனால் அது பினியனுக்குப் போய்ச் சேரும் சுழற்சிக்கு மட்டுமே பொருந்தும். நடுவில் இருக்கிற குழாய் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை முந்தியும் பிந்தியும்தான் சுழல்கிறது. அந்தக் கனமான இரும்பை வினாடிக்கு ஐம்பது முறைக்கு மேல் தள்ளி இழுக்கிற விசையை மூட்டுகளும் மவுன்ட்டுகளும் தாங்கியாக வேண்டும். இது போக, சமம் என்பது வண்டி நிற்கும்போது அளந்த சமம். கமான் பட்டையை ஆக்ஸிலுக்கு மேலே ஏற்றிய வண்டியில், ஆக்ஸிலரேட்டரை அழுத்தியதும் பட்டை முறுக்கிக்கொள்ளும். பின் ஆக்ஸிலின் பினியன் மூக்கு மேலே தூக்கும். சமமாக இருந்த கோணம் அந்த நொடியில் சமம் இழக்கும். மிதித்தால் உதறி, காலை எடுத்தால் அடங்குகிற வண்டிகளில் பெரும்பாலும் நடப்பது இதுதான். அதனால்தான் கமான் பட்டை வண்டிகளில் பினியன் மூக்கை ஓரிரு டிகிரி தாழ்த்தி வைப்பதும் உண்டு. விசை வரும்போது அது எழும்பிச் சமத்துக்கு வந்து சேரும்.

கோணத்தை அளக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. காந்தம் வைத்த கோணமானி ஹார்டுவேர் கடையில் கிடைக்கிறது. அவசரத்துக்குப் போனில் உள்ள லெவல் செயலிகூட உதவும். டிரான்ஸ்ஃபர் கேஸின் ஃபிளேஞ்ச் முகத்தில் ஒரு அளவு, ஷாஃப்ட் குழாயின் மேல் ஒரு அளவு, பினியன் ஃபிளேஞ்சில் ஒரு அளவு. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் இரு மூட்டுகளின் கோணமும் வந்துவிடும். பினியன் மூக்கை வேண்டுமென்றே தாழ்த்தி வைத்த அளவைத் தவிர்த்துப் பார்த்தால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு டிகிரிக்குள் இருக்க வேண்டும். இங்கே பலர் தவறு செய்கிற இடம் ஒன்று உண்டு. சேஸிஸில் ஜாக்கி கொடுத்து வண்டியைத் தூக்கினால் ஆக்ஸில் கீழே தொங்கிவிடும்; அப்போது எடுக்கிற அளவு சாலையில் ஓடுகிற வண்டியின் அளவே அல்ல. வண்டியின் எடை ஆக்ஸிலின் மேல் உட்கார்ந்திருக்கும்படி ஸ்டாண்டு கொடுக்க வேண்டும். படுத்திருக்கும்போதே ஷாஃப்டின் இரு முனைக் காதுகளும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்றும் பார்த்துவிடலாம். நடுவில் உள்ள பல் வெட்டிய நழுவு மூட்டைக் கழற்றி, குறி வைக்காமல் திரும்பச் செருகும்போது ஒரு பல் தள்ளிப் போனால்கூட இரு மூட்டுகளும் ஒன்றையொன்று சரிக்கட்டாது. கழற்றும் முன் இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு கோடு பெயின்ட் இழுத்திருந்தால் இந்தத் தொல்லையே வராது. உயரத்துக்கு ஏற்ப ஷாஃப்டை வெட்டி நீட்டி வெல்டிங் செய்திருந்தால் அதை மறுபடி பேலன்ஸ் செய்தார்களா என்று கேட்டாக வேண்டும். சமமின்மை உண்டாக்கும் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும் என்பதால், 40-இல் தெரியாத 20 கிராம் 80-இல் நான்கு மடங்காகத் தெரியும். சேற்றில் இறங்கி வந்த வண்டி என்றால் எல்லாவற்றுக்கும் முன்னதாக ரிம்மின் உட்பக்கம் காய்ந்து ஒட்டிக்கிடக்கும் மண்ணைச் சுரண்டி எடுக்க வேண்டும்.

அனுபவமுள்ள மெக்கானிக் காதாலேயே கண்டுபிடித்துவிடுவாரே, இத்தனை அளவு எதற்கு என்று கேட்கலாம். அந்தக் காதின் மதிப்பைக் குறைத்துச் சொல்ல முடியாது. தொடர்ந்த ஊளைக்கும், 'கிச் கிச்' என்று தாளம் போடுகிற காய்ந்த கிராஸுக்கும், கியர் போடும்போது 'டங்' என்கிற தேய்ந்த மூட்டுக்கும் உள்ள வேறுபாட்டை அவர் நொடியில் சொல்லிவிடுவார். சத்தம் எந்த வகை என்று காது சொல்லும்; எங்கே பிறந்தது என்று கேட்டால் தடுமாறும். ஏனென்றால் இரும்புச் சட்டத்தின் வழியே அதிர்வு எங்கோ போய், அதற்கு ஒத்து அதிர்கிற ஒரு தகட்டில் சத்தமாக வெளிப்படுகிறது. பின் ஆக்ஸிலில் பிறந்தது டேஷ்போர்டில் கேட்கும். ஆகவே காது சொன்னதை ஒரு சோதனையால் உறுதி செய்ய வேண்டும். வீல் பேரிங் என்றால் ஓட்டத்தில் லேசாக இடமும் வலமும் ஒடித்துப் பார்க்கலாம். இடப்பக்கம் ஒடிக்கும்போது எடை வலச்சக்கரத்தில் ஏறும், அப்போது சத்தம் கூடினால் வலப்பக்க பேரிங்கைச் சந்தேகிக்கலாம். கிரவுன்-பினியன் என்றால் மிதிக்கும்போதும் காலை எடுக்கும்போதும் ஊளையின் சுருதி ஒன்றாகவே இருந்தாலும் பலம் மாறும். மண்பாதை டயரின் ரீங்காரம் தார்ச்சாலையிலிருந்து கான்கிரீட்டுக்குப் போனதும் வேறுவிதமாகிவிடும். இரும்புப் பாகங்களின் சத்தத்துக்குச் சாலை ஒரு பொருட்டல்ல. முன் ஹப்பில் ஃப்ரீவீல் லாக் இருக்கிற வண்டியில் லாக்கை விடுவித்து இரு சக்கர இயக்கத்தில் ஓட்டினால் முன் ஷாஃப்ட் சுழலாது. சத்தமும் அதோடு போனால் தேடல் முன்பக்கத்தோடு முடிந்தது.

உயர்த்தியதால்தானே வந்தது, இறக்கிவிட்டால் சரியாகிவிடும் என்பவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மறுபாதி, பழைய தேய்மானம். பல ஆண்டுகள் ஒரே கோணத்தில் ஓடிய கிராஸில் ஊசி பேரிங்குகள் தண்டில் நுண்ணிய பள்ளங்களைப் பதித்திருக்கும். அதே கோணத்தில் ஓடும்வரை சத்தம் வராது. வண்டி உயர்ந்து கோணம் மாறியதும் ஊசிகள் பள்ளத்தின் விளிம்பில் ஏறி இறங்கத் தொடங்கும். உயரம் இங்கே நோயை உண்டாக்கவில்லை, காட்டிக்கொடுத்தது. அப்படிப்பட்ட கிராஸை மாற்றத்தான் வேண்டும். ஆனால் கோணத்தைத் திருத்திய பிறகு மாற்ற வேண்டும்.

காட்டு வண்டி என்றால் சத்தம் இருக்கத்தான் செய்யும் என்று விட்டுவிடுகிறவர்களோடு மட்டும் எந்தச் சமரசமும் செய்ய முடியாது. டயரின் ரீங்காரத்தோடு வாழலாம். அளவு மீறிய கோணத்தில் ஓடும் கிராஸ் சூடேறும், கிரீஸ் வெளியேறும், ஒருநாள் உடையும். ஷாஃப்டின் முன்முனை அறுந்து சாலையில் ஊன்றினால் வண்டியின் பின்பக்கத்தையே தூக்கிவிடும் ஆபத்து இருக்கிறது. முன்பக்கத்தின் நடுக்கம் இன்னும் மோசம்: ஒரு குழியில் இறங்கி ஏறியதும் ஸ்டீயரிங் இருபுறமும் வெறிபிடித்தாற்போல் அடித்துக்கொள்ளும், வேகம் குறையும்வரை அடங்காது. கிங்பின் பேரிங்கிலும் டை ராடு முனைகளிலும் ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்காமல், ஸ்டீயரிங் டேம்பர் ஒன்றைப் பொருத்தி மறைப்பது அந்த ஆபத்தைத் தள்ளிப்போடுவது மட்டுமே. இப்படிப்பட்ட மாற்றங்களை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துவதும், தயாரிப்பாளரின் மூல அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் காரணமில்லாமல் அல்ல.

தீர்வுக்கும் இதே கணக்குத்தான் வழி. கமான் பட்டைக்கும் ஆக்ஸில் இருக்கைக்கும் நடுவே ஆப்பு வடிவத் தகடு வைத்துப் பினியனைத் திருப்பலாம். திருத்தம் பெரிதென்றால் இருக்கையையே அறுத்துப் புதிய கோணத்தில் வெல்டிங் செய்ய வேண்டும். இரட்டை கிராஸ் மூட்டு போடுவதும் நல்ல தீர்வு. ஆனால் அதைப் போட்டால் பினியன் மூக்கு ஷாஃப்டை நேராகப் பார்க்க வேண்டும். பழைய கோணத்திலேயே விட்டு இதைப் பொருத்தினால் உதறல் முன்பைவிடக் கூடும். முன் ஆக்ஸிலில் இன்னும் கவனம் வேண்டும். பினியனுக்காக அதைத் திருப்பினால் சக்கரத்தை நேரே இழுத்துவைக்கிற காஸ்டர் கோணம் குறைந்துவிடும். ஷாஃப்ட் அமைதியாகும், ஸ்டீயரிங் ஆடத் தொடங்கும். ஆகவே முன்பக்கத்தில் உயரத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வதே பல நேரங்களில் சரியான முடிவு. வேலை முடிந்ததும் யூ போல்ட்டுகளை ஓரிரு நூறு கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பிறகு மறுபடி முறுக்கிவிட்டு, ஆட்களும் சாமான்களும் ஏற்றிய நிலையில் மூன்று இடங்களிலும் கோணத்தை இன்னொரு முறை அளந்து எழுதிவைக்க வேண்டும்.