கொள்முதலுக்கு முன் மூன்று கேள்விகள்

"இன்று என்ன விலை?" என்று கேட்காத வியாபாரி இல்லை. ஆனால் விலை மட்டும் தெரிந்தால் போதாது. இதை நாம் நஷ்டப்பட்டுத்தான் கற்றுக்கொண்டோம்.

2015 அக்டோபரில் துவரம் பருப்பு சில்லறையில் கிலோ 200 ரூபாயைத் தொட்டது பலருக்கும் நினைவிருக்கும். அந்தச் சூடு ஆறாத நிலையில், 2016 ஜூலையில், "மறுபடியும் ஏறும், பிடித்துப் போடுங்கள்" என்று ஒரு தரகர் சொன்னதை நம்பி 200 மூட்டை வாங்கினோம். நமது கடையில் வாரத்துக்கு 10 மூட்டைதான் ஓடும். ஆக, அது 20 வாரச் சரக்கு; தீர டிசம்பர் ஆகும். குல்பர்கா, லாத்தூர் பக்கம் புதுத் துவரை வரத்து தொடங்குவதும் அப்போதுதான்.

விலை ஏறியதால் அந்த ஆண்டு விவசாயிகள் கூடுதலாகத் துவரை விதைத்தார்கள். அரசும் குவிண்டாலுக்கு 5,050 ரூபாய் ஆதரவு விலை அறிவித்தது. எல்லாம் பத்திரிகையில் வந்த செய்திதான். படித்தோம், நமது சரக்கோடு சேர்த்து யோசிக்கவில்லை. விலை இறங்கத் தொடங்கியதும், ஒரு மூட்டை எடுத்த கடைக்காரர்கள் அரை மூட்டை போதும் என்றார்கள். வாரம் 10 மூட்டை ஓடியது 6 ஆயிற்று. 2017 தொடக்கத்தில் துவரை ஆதரவு விலைக்கும் கீழே போனது. மீதிச் சரக்கை அடக்க விலைக்குக் குறைவாகத் தள்ளிவிட்டோம்.

அன்று முதல், கொள்முதலுக்கு முன் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்கிறோம்.

1. இந்தச் சரக்கு நம்மிடம் எத்தனை வாரத்தில் தீரும்? பதில் நமது விற்பனைப் புத்தகத்திலேயே இருக்கிறது.

2. அதற்குள் புது வரத்தோ இறக்குமதியோ வருமா? விதைப்பு, மழைச் செய்திகளைக் கவனித்தால் ஓரளவு தெரியும். மண்டி விலைகளை அக்மார்க்நெட் தளத்தில் செல்போனிலேயே பார்க்கலாம்.

3. செய்தி சொல்பவருக்கு இதில் என்ன லாபம்? நாம் வாங்கினால் தரகருக்குத் தரகு உண்டு. அவர் சொல்வது பொய் என்பதல்ல. இன்னும் இருவரிடம் விசாரித்துக்கொள்வது நல்லது.

சிறு மளிகைக் கடைக்கும் இது பொருந்தும். "10 பெட்டி எடுத்தால் ஒன்று இலவசம்" என்று விற்பனைப் பிரதிநிதி சொன்னால், மாதம் எத்தனை பெட்டி விற்கிறது, காலாவதித் தேதி எப்போது என்று பாருங்கள். விற்காமல் நின்றுவிட்டால் இலவசமும் நஷ்டமே.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் பெரியவர்கள். கிடங்கில் போடுவதையும் அளந்தே போடுவோம்.